வயலில் பிறந்து வயலுக்கே திரும்பிய கணக்கு

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பொறியியல் கல்லூரி மாணவர்கள் நம் குடியிருப்புக்கு வருகிறார்கள். கையில் வினாத்தாள், கழுத்தில் அடையாள அட்டை. குப்பையைப் பிரித்துப் போடுகிறீர்களா, மழைநீர்ச் சேகரிப்பு வேலை செய்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து வாங்குவார்கள். கேட் பக்கம் நின்று ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அவர்கள் போன பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இதனால யாருக்கு என்ன சார் பிரயோஜனம்?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடப் போனால் ஒரு நீண்ட வரலாறு வருகிறது. அதில் பாதி நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலேயே நடந்தது என்பதால் இந்த இதழில் எழுதுகிறேன்.

கல்லூரிப் பிள்ளைகளை ஊர் வேலைக்கு அனுப்பும் வழக்கம் அரசுத் திட்டமாக உருவெடுத்தது 1969-இல். காந்தி நூற்றாண்டு வருஷம் அது. செப்டம்பர் 24 அன்று அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். ராவ் பொருளாதார நிபுணர். நாட்டு வருமானத்தைக் கணக்கிடுவதில் முன்னோடி. வணிகவியல் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்தப் பெயர் பாடப்புத்தகத்திலேயே பழக்கம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் என்று பின்னாளில் வரையறை வந்தது. முகாமில் சாலை போட்டார்கள், கோயில் குளத்தைத் தூர்வாரினார்கள், மரம் நட்டார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் பதிவேட்டில் ஏறியது மணி நேரமும் மரக்கன்று எண்ணிக்கையும். அடுத்த ஆடியில் எத்தனை கன்று உயிரோடு இருந்தது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் காலம் கிடையாது.

இது கல்லூரிகளுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். கறவை மாட்டுக் கடன் எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று மாதாமாதம் ரிட்டர்ன் அனுப்புவோம். மாடு எத்தனை லிட்டர் கறந்தது, அந்தக் குடும்பத்தின் வருமானம் ஏறியதா என்று மேலிடத்திலிருந்து ஒரு தடவைகூடக் கேள்வி வந்ததில்லை. இலக்கு எட்டினால் போதும், ஃபைல் மூடிவிடும்.

செய்ததை எண்ணுவது வேறு, விளைந்ததை அளப்பது வேறு. இந்த வித்தியாசத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள் தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள். அவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வயலில்தான் ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் கணித நிபுணர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பல பத்தாண்டுகளாகக் கோதுமை விளைச்சல் கணக்கு குவிந்து கிடந்தது. ஒரு பாத்தியில் கூட விளைந்தால் அது உரத்தாலா, மண்ணாலா, மழையாலா, சும்மா தற்செயலா? இதைப் பிரித்துச் சொல்லும் வழியை அவர் வகுத்தார். 1924 மே 16 அன்று அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் வால்டர் ஷூவர்ட் என்பவர் தம் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு சிறு படம். அதுதான் முதல் கட்டுப்பாட்டு வரைபடம்.

அந்தப் படத்தின் கருத்தை நம் சம்ப்பை வைத்தே சொல்லலாம். தினமும் எவ்வளவு தண்ணீர் ஏற்றுகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், ஒரு நாள் கொஞ்சம் கூடும், ஒரு நாள் குறையும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கூடும். யார் வீட்டிலாவது விருந்தாளி வந்தால் கூடும். இந்த ஏற்ற இறக்கம் இயல்பு. இதற்காக வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தால் அவருக்கும் வீண் வேலை, நமக்கும் வீண் கோபம். ஆனால் வழக்கமான எல்லையைத் தாண்டி ஒரு நாள் தூக்கிவிட்டால், அல்லது பத்து நாள் விடாமல் ஏறிக்கொண்டே போனால், எங்கோ குழாய் கசிகிறது, மிதவை வால்வு மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது தேட வேண்டும். எப்போது தேடுவது, எப்போது சும்மா இருப்பது என்று படம் பார்த்தே தெரிந்துகொள்ளும் வழி இது. நாங்கள் கேஷ் கவுண்டரில் அனுபவத்தால் செய்ததை ஷூவர்ட் கணக்காகச் செய்தார்.

இந்தியாவுக்கு இது வந்தது கல்கத்தா வழியாக. 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்த பி.சி. மஹலனோபிஸும் பயிர்க் கணக்கில் ஊறியவர். அவர் அழைப்பில் ஷூவர்ட் 1947-48-இல் இங்கே வந்து தங்கி, தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துப் பேசினார். ஃபிஷரிடம் 1936-இல் லண்டனில் பாடம் கேட்ட எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பான் போனார். பின்னாளில் ஜப்பானின் பெரிய தர நிபுணராக விளங்கிய டாகுச்சி 1954-55-இல் கல்கத்தாவில் மஹலனோபிஸின் நிறுவனத்தில் இருந்திருக்கிறார். நம்மிடம் 1950-களிலேயே இத்தனை வித்தை இருந்தது. பெயர் வாங்கியதென்னவோ ஜப்பான். காரணம், அவர்கள் அதை அதிகாரிகள் அறையோடு நிறுத்தவில்லை. 1962-இலிருந்து தரவட்டங்கள் என்ற பெயரில் தொழிலாளிகளே சிறு குழுவாக உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள கோளாறைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்த ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு இஷிகாவா கொடுத்த கருவிதான் மீன் முள் படம். தலைப்பக்கம் பிரச்னையை எழுதி, இரண்டு பக்கமும் முள் முள்ளாகக் காரணங்களை எழுதுவது.

நம் நாட்டில் 1980-81 வாக்கில் ஹைதராபாத் பெல் ஆலையில் தரவட்டம் தொடங்கியது. 1982-இல் அதற்கென்று அகில இந்திய அமைப்பே வந்தது. பிறகு திருச்சி பெல் உட்பட எல்லா இடத்துக்கும் பரவியது. திருவெறும்பூருக்குத் தினமும் ரயிலில் போய்வந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் கேட்டால் மீன் முள் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டுவார்கள். 1998-இல் சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன் ஆலையின் பிரேக் பிரிவு, ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் ஆயிற்று. வயலில் பிறந்த கணக்கு தொழிற்சாலைக்குப் போய்ப் பெரிய மனுஷன் ஆன கதை இது.

இனி நம் டெல்டாவுக்கு வருவோம். செய்து பார், சரிபார், திருத்து என்று இப்போது வகுப்பில் சொல்லிக் கொடுப்பதை இந்த மண் வேறு பெயரில் முன்பே பார்த்திருக்கிறது. ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியது 1836-38-இல். காவிரிக்குத் தண்ணீர் வராமல் கொள்ளிடத்தில் ஓடுகிறது என்பதுதான் அன்றைய புகார். அணை அந்தப் புகாரைத் தீர்த்தது, அளவுக்கு மீறியே தீர்த்தது. காவிரிக்குள் வேகமாகப் பாய்ந்த தண்ணீர் ஆற்றின் அடிமட்டத்தையே அரிக்க ஆரம்பித்தது. கொஞ்ச வருஷத்தில், 1845-இல், காவிரித் தலைப்பின் குறுக்கே அடிமட்டத்தை நிலைநிறுத்த ஒரு சுவர் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பிரச்னைக்குத் தீர்வு இன்னொரு பிரச்னையைப் பெற்றது. கட்டியதோடு விட்டுவிடாமல், அளந்துகொண்டே இருந்ததால்தான் அது தெரிந்தது. மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் காட்டன் நம் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். கிராமத்துக்குப் பாடம் சொல்லப் போகும் மாணவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லி அனுப்பலாம்.

இன்னொரு உதாரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1960-61-இல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தீவிர விவசாய மாவட்டத் திட்டத்தை ஆரம்பித்தபோது நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. பேக்கேஜ் திட்டம் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 வந்தது. ஜப்பான் ரகத்தோடு நம் ஜி.இ.பி. 24-ஐக் கலந்து உண்டாக்கிய குறுகிய கால ரகம். குறுவையில் விளைச்சல் எகிறியது. ஊரெல்லாம் சந்தோஷம். ஆனால் அந்தக் குறுவை அறுவடைக்கு வருவது புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். முன்னே கொஞ்சம் நெல் நனைந்தது என்றால் இப்போது மலை மலையாக நனைந்தது. களத்தில் காயப்போட வெயில் இல்லை. குவித்து வைத்த நெல் சூடேறி முளைவிட்டது, கறுத்தது. விளைச்சலைப் பெருக்கிய கை, உலர்த்தும் களத்தைப் பெருக்கவில்லை.

இதற்கு வழி தேடத்தான் 1967-இல் திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலையோடு சேர்ந்து ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அது நெல் பதன் செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம்மாறி, பல பெயர் மாறி, இன்று புதுக்கோட்டை சாலையில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக நிற்கிறது. 2021-இல் அந்த அந்தஸ்து கிடைத்தது. அந்த வழியாக எத்தனையோ தடவை போகிறோம். அந்தக் கட்டடத்தின் மூலகாரணம் நனைந்த குறுவை நெல் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதே நிறுவனம் இன்று உணவுத் தொழில்நுட்பப் பொறியியல் மாணவர்களைக் கிராமத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஊர்களுக்கு அனுப்புகிறது. ஆக, கணக்கு வயலுக்கே திரும்பிவிட்டது.

வல்லத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 1988-இல் பெண்களுக்கென்றே அங்கே ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. பெரியார் மணியம்மை கல்லூரி. இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பெண் பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்க வைக்கத் தயங்கிய காலத்தில் நம் மாவட்டத்தில் அது பெரிய காரியம். 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அங்கே வந்தார். கிராமங்களுக்கு நகர வசதி தரும் 'புரா' திட்டத்தைப் பற்றி அவர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. சாலை, மின்னணுத் தொடர்பு, அறிவுத் தொடர்பு மூன்றும் சேர்ந்தால் நாலாவதாகப் பொருளாதாரம் தானே வரும் என்பது அவர் வாதம். அரசு அதே வருஷம் ஆகஸ்ட் 15-இல் திட்டத்தை அறிவித்தது. ஆனால் வல்லத்தைச் சுற்றியுள்ள சுமார் 65 கிராமங்களை ஒரு தொகுப்பாக எடுத்துக்கொண்டு அதைச் செய்தது இந்தக் கல்லூரி. 2006-இல் கலாம் மறுபடியும் வந்து பார்த்தார். பிறகு நாட்டின் பல மூலைகளில் பேசும்போதெல்லாம் பெரியார் புராவை உதாரணமாகச் சொன்னார்.

எனக்கு இதில் பிடித்தது கலாம் வந்ததைவிட, திரும்ப வந்தது. அதேபோல், கல்லூரி 65 ஊர்களை எடுத்துக்கொண்டதைவிட, அதே ஊர்களை வைத்துக்கொண்டதுதான் பெரிது. வல்லம் பக்கம் காவிரிப் பாசன வயல் மாதிரி இல்லை. மேட்டு நிலம், செம்மண், ஏரியையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பிய ஊர்கள். அங்கே ஒரு வருஷத்து மாணவிகள் ஒரு குளத்து வரத்துவாய்க்காலைச் சரி செய்தால், அடுத்த வருஷத்து மாணவிகள் போய்க் குளத்தில் எத்தனை மாதம் தண்ணீர் நின்றது என்று பார்க்கலாம். ஒவ்வொரு வருஷமும் புது ஊருக்குப் போய் போட்டோ எடுத்தால் இந்தச் சரிபார்ப்பு நடக்கவே நடக்காது.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் இதே யோசனையைப் பாடத்திட்டமாகவே ஆக்கினார்கள். எபிக்ஸ் என்று பெயர். பள்ளி, மருத்துவ நிலையம், தொண்டு நிறுவனம் என்று ஏதாவது ஒன்றோடு மாணவர் குழு பல வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும். மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்கிப் போவார்கள், குழு நிற்கும். நம் வங்கியில் கிளார்க் மாற்றலாகிப் போனாலும் லெட்ஜர் போகாதல்லவா, அந்த மாதிரி.

நம் நாட்டில் 2014 இதில் முக்கியமான வருஷம். அந்த ஜூன் மாதம் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆயிற்று. பொறியியல் பட்டதாரிக்கு சமூகம், சுற்றுச்சூழல், நெறி எல்லாம் தெரிந்திருக்கிறது என்று கல்லூரிகள் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. நவம்பரில் உன்னத் பாரத் அபியான் தொடங்கி, கல்லூரிகள் ஐந்தைந்து கிராமங்களைத் தத்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், மாணவன் பட்டம் வாங்க 100 செயல்பாட்டுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்றது. நம் கேட்டுக்கு வரும் வினாத்தாள்களின் ஜாதகம் இப்போது புரிந்திருக்கும். புள்ளிக்காக வருவதில் தப்பில்லை, நாமும் மார்க்குக்காகத்தான் படித்தோம். புள்ளி எதற்குத் தருகிறார்கள் என்பதுதான் விஷயம். போனதற்கா, அளந்ததற்கா, திரும்பிப் போய்ப் பார்த்ததற்கா?

இந்தப் பிள்ளைகளுக்குத் தர மேம்பாட்டு முறையைச் சொல்லிக்கொடுக்க நம் ஊரில் எங்கே அனுப்பலாம் என்று என்னைக் கேட்டால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைச் சொல்வேன். வேறு எந்தத் தொழிற்சாலையும் வேண்டாம். அங்கே எல்லாம் இருக்கிறது. 17 சதவீத ஈரப்பதம் என்ற தரக்கட்டளை இருக்கிறது. ஈரப்பதமானி, தூற்றும் இயந்திரம், எடை மேடை, 40 கிலோ சிப்பம், சாக்கு, சுமைதூக்குபவர்கள், லாரி, சேமிப்புக் கிடங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் இருக்கின்றன. இதில் ஒன்று நின்றால் பின்னால் இருப்பது எல்லாம் நிற்கும். காத்திருப்பது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. சாலையோரம் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி அங்கேயே படுத்திருக்கிறார்கள். ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும்.

மழை வந்ததும் 22 சதவீதம் வரை வாங்க அனுமதி வேண்டும் என்று மாநில அரசு கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் அடிக்கடி செய்தித்தாளில் பார்க்கிறோம். அந்த விதியை மாற்ற மாணவர்களால் முடியாது. ஆனால் ஒரு குழு பத்து நாள் அங்கே உட்கார்ந்து, ஒவ்வொரு விவசாயியும் எப்போது வந்தார், எப்போது ஈரம் பார்த்தார்கள், எப்போது எடை போட்டார்கள், இடையில் எதற்காக நின்றது என்று மட்டும் எழுதட்டும். நின்றதில் ஈரத்தால் எவ்வளவு, சாக்கு இல்லாததால் எவ்வளவு, லாரி வராமல் மூட்டை தேங்கியதால் எவ்வளவு, தூற்றும் இயந்திரம் பழுதானதால் எவ்வளவு என்று பிரித்துப் போடட்டும். ஒரே குவியலிலிருந்து மேலே, நடுவே, அடியே மாதிரி எடுத்தால் மானி என்ன என்ன காட்டுகிறது என்றும் பார்க்கட்டும். ஈரம் ஈரம் என்று எல்லோரும் சண்டை போடும் இடத்தில் நிஜமான முடிச்சு லாரியாகக்கூட இருக்கலாம், ஈரமாகவேகூட இருக்கலாம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும். மீன் முள்ளின் தலையில் "நெல் நனைகிறது" என்று எழுதிவிட்டு ஆரம்பித்தால், வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது அங்கே ஒரு வாரத்தில் மண்டையில் ஏறிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. குறுவைக் கொள்முதல் உச்சத்தில் இருக்கும் ஐப்பசியில் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு நெருங்கிவிடும். எந்தப் பேராசிரியரும் அப்போது பிள்ளைகளை அனுப்ப மாட்டார். சம்பா அறுவடைக்கு வருவது தையிலும் மாசியிலும். அது அடுத்த செமஸ்டரின் ஆரம்பம், கையில் நேரம் இருக்கும். அதனால் சம்பாவில் உட்கார்ந்து எழுதி, எந்த ஒரு காரணத்தைத் திருத்துவது என்று நிலையத்து அலுவலரோடும் விவசாயிகளோடும் பேசி முடிவு செய்துவிட்டால், திருத்தம் பலித்ததா என்பதை அடுத்த குறுவையில், மழைக்கு நடுவே, தேர்வுக்கு முன்னால் கிடைக்கும் ஒரு சனி, ஞாயிறிலாவது போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கப்போவது அடுத்த பேட்ச். முதல் பேட்ச் எழுதிய நோட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.